முதுகு ஊசியா, முழு மயக்கமா? முதலில் அந்த ராத்திரியைப் பேசுவோம்

என் மாமா டம்ளரைப் பிடித்தால் உடனே விட முடியாது. காபி தீர்ந்த பிறகும் விரல்கள் டம்ளரைச் சுற்றியே நிற்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அஞ்சாறு நொடி கழித்து ஒவ்வொரு விரலாகக் கழன்று வரும். மார்கழியில் தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் கை நனைத்துவிட்டு மண்வெட்டி பிடித்தால் இன்னும் நேரமாகும். "என்ன மாமா, மண்வெட்டிய விட மனசில்லையா?" என்று சின்ன வயதில் கேலி செய்திருக்கிறேன். அது இறுகிய தசை சட்டென்று தளராத ஒரு பரம்பரைத் தசைநோய், அதற்கு மயோடோனிக் டிஸ்ட்ரோபி, முதல் வகை என்று ஒரு பேர் இருப்பது அவருடைய 43வது வயதில்தான் தெரிந்தது. இப்போது 46.

போன வருடம் அவருக்குப் பித்தப்பையில் கல். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவது வழக்கந்தானாம். அந்தப் பையைச் சுருக்குவதும் ஒரு தசைதானே. ரெண்டு தடவை வலி வந்து சுருண்டு படுத்தார். எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர். எங்கே எடுப்பது, எப்படி மயக்கம் கொடுப்பது என்பதில் வீட்டில் மூன்று வாரம் பேச்சு ஓடியது. அந்த மூன்று வாரத்தில் நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கோபியில் உரக்கடை வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மருந்தை யாரும் முடிவு செய்ய வேண்டாம். டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்பதற்கு உதவினால் போதும்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. கோபியிலேயே ஒரு நர்சிங் ஹோமில், முதுகில் ஊசி போட்டுச் செய்துகொள்வது. ஈரோட்டில், சின்ன ஓட்டைகள் வழியே கேமரா விட்டுச் செய்கிற ஒரு லேப்ரோஸ்கோபி சர்ஜனிடம் முழு மயக்கத்தில் செய்து, மறுநாளே வீட்டுக்கு வருவது. கோவையில் நரம்பியல் பிரிவும் ஐ.சி.யு.வும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது. நான்காவது அத்தையின் யோசனை: "கத்தியே வேண்டாமுங்க, பத்தியம் இருந்து பாத்துக்கலாம்."

அத்தை சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை நாங்கள் எல்லோரும் லேசாகத் தள்ளினோம், தள்ளியிருக்கக் கூடாது. வலியே தராத கல் என்றால் பொதுவாக யாரும் தொடுவதில்லை. ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல்லுக்காக ஒரு தசைநோய்க்காரரை மேசையில் படுக்க வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. அந்த அளவுக்கு அத்தை சொன்னது சரி. ஆனால் மாமாவுக்கு ரெண்டு தடவை வலி வந்துவிட்டது. கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்தால் காமாலை, கணைய அழற்சி என்று போகும். அப்போது நடு ராத்திரியில் பக்கத்தில் எது திறந்திருக்கிறதோ அங்கே ஓட வேண்டியிருக்கும். வயிறு நிறைந்த அவசர கேஸில் மூச்சுக்காகத் தொண்டையில் சட்டென்று குழாய் போட, மயக்க மருந்து டாக்டர்களின் கை பழக்கமாகப் போவது ஸ்கோலின் என்ற ஊசிக்கு. மாமா மாதிரி ஆட்களுக்குப் போடவே கூடாத ஊசி அதுதான்.

ஸ்கோலின் என்பது சக்சினைல்கோலின். சாதாரண ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் உடம்பைத் தளர்த்தி, அஞ்சு பத்து நிமிடத்தில் போய்விடும். மாமாவின் தசைக்கு அது நேர்மாறாக வேலை செய்யும்: தளர வேண்டிய தாடையும் மார்பும் இறுகிப்போகும். வாய் திறக்காது, குழாய் போகாது, முகமூடி வைத்து அழுத்தினாலும் காற்று உள்ளே போகாது. டம்ளரை விடாத அந்தக் கையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பிடி தொண்டையிலும் நெஞ்சிலும் வந்தால் எப்படி இருக்கும்! அதனால் "இப்போதைக்கு வேண்டாம்" என்று தள்ளிப்போடுவது, நாள் பார்த்துச் செய்கிற ஆபரேஷனை விட்டுவிட்டு அவசர ஆபரேஷனை வரவழைப்பது போல ஆகிவிடலாம். அத்தைக்கு இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பன்னா நல்ல இடமாப் பாருங்க கண்ணு" என்றார்.

அடுத்து கோபி நர்சிங் ஹோம். வீட்டில் பெரும்பாலானவர்களின் ஓட்டு இதற்குத்தான். வீட்டிலிருந்து பத்து நிமிடம், சாப்பாடு கொண்டுபோகலாம், செலவும் கோவையில் ஆவதில் பாதிக்கும் குறைவு. இதில் முதுகு ஊசி வேறு. "முழு மயக்கந்தானே ஆபத்து, முதுகு ஊசின்னா மனுசன் முழிச்சுட்டே இருப்பாரு" என்று அம்மா சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, நானும் நம்பினேன்.

அந்த நர்சிங் ஹோமுக்கு வந்துபோகிற மயக்க மருந்து டாக்டர்தான் எங்கள் எண்ணத்தை மாற்றினார். மாமாவின் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டு விஷயம் சொன்னார். ஒன்று, முதுகு ஊசி இடுப்புக்குக் கீழே நடக்கிற ஆபரேஷனுக்கு அருமையான வழி. பித்தப்பை இருப்பது மேல் வயிற்றில். அங்கே மரக்க வேண்டுமானால் மரப்பு நெஞ்சு வரை ஏற வேண்டும். ஏறினால் விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகளும் தளரும். ஏற்கெனவே மூச்சுத் தசை பலவீனமான ஆளுக்கு அது தாங்காது. லேப்ரோஸ்கோபியில் வயிற்றுக்குள் கேஸ் ஊதும்போது தோள்பட்டை வலிக்கும், பதற்றம் வரும், அதற்கு ஒரு தூக்க ஊசி போட நேரும். மாமாவுக்கு அந்தத் தூக்க ஊசி, ஆள் கவனிக்காமலே மூச்சை நிறுத்தக்கூடியது. இன்னொன்றும் சொன்னார்: முதுகு ஊசி நரம்பை மரக்கச் செய்யும், ஆனால் மாமாவின் பிடிப்பு பிறப்பது தசையின் உறையிலேயே. குளிரோ, கரன்ட் கத்தியோ பட்டால், நரம்பு மரத்திருந்தாலும் தசை இறுகும்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஊசி நான் போட்டுருவேனுங்க. அது பெரிய காரியமில்ல. ராத்திரி பத்து மணிக்கு இவருக்கு மூச்சு குறைஞ்சா நான் சத்தியில இன்னொரு கேஸ்ல இருப்பேன். இங்க இருக்கறது ஒரு நர்ஸ் பொண்ணு, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். இவருக்கு அது பத்தாதுங்க."

நாங்கள் அதுவரைக்கும் எந்த மருந்து, எந்த ஊசி என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். அந்த ராத்திரியைப் பற்றி யாரும் பேசவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இந்த நோய் அதிகம். அங்கே 219 பேருடைய ஆபரேஷன் விவரங்களை அலசி 1997ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் 18 பேருக்குச் சிக்கல் வந்திருக்கிறது, பெரும்பாலும் நுரையீரல் சார்ந்தவை. மேல் வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்கும், தோள் இடுப்புப் பக்கத் தசைகள் பலவீனமானவர்களுக்கும் ஆபத்து பல மடங்கு அதிகம். மாமாவுக்கு ரெண்டும் பொருந்தும். நூற்றுக்கு எட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கையாகத் தெரியலாம். ஆனால் அந்த ஆய்வு வலியுறுத்துவது ஆபரேஷன் முடிந்த பிறகு வைக்க வேண்டிய கண்காணிப்பைத்தான்.

இதை வைத்துப் பார்த்தால் ஈரோடு யோசனையும் தானாக விழுந்துவிட்டது. சர்ஜன் கைராசிக்காரர், சந்தேகமில்லை. முழு மயக்கத்தில் லேப்ரோஸ்கோபி செய்வதும் மாமாவுக்கு ஏற்ற முறைதான். "நாளைக்கே வீட்டுக்குப் போயிரலாங்க" என்பதுதான் இடித்தது. மற்றவர்களுக்கு அது வசதி. தசைநோய்க்காரருக்கு முதல் 24 மணி நேரம் நெஞ்சு, மூச்சு, விழுங்குதல் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் வருகிற மூச்சுக் குறைவுக்கு அலாரம் கிடையாது. ஆள் அசந்து தூங்குவது போலத்தான் இருக்கும்.

அதனால் இடத்தை ஒப்பிட எங்கள் அளவுகோலை மாற்றினோம். சர்ஜன் யார், ஏசி ரூமா என்பதைப் பின்னால் தள்ளிவிட்டு, நான்கு கேள்வி கேட்டோம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டடத்துக்குள் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? ஐ.சி.யு. படுக்கை முன்கூட்டியே ஒதுக்குவார்களா? முகமூடி வழியே அழுத்தி மூச்சு கொடுக்கிற பைபேப் இயந்திரம் இருக்கிறதா, அதை மாட்டத் தெரிந்தவர் அந்த ஷிஃப்டில் இருப்பாரா? இதயத்தில் திடீரென்று மின்தடை வந்தால் வெளியிலிருந்து துடிக்க வைக்கிற பேஸிங் கருவி கைக்கெட்டுமா?

இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் ஒரு ஆச்சரியம் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வசதியான தனியார் நர்சிங் ஹோமை எளிதாக முந்திவிடும். கோவையில் உள்ளதும் சரி, பெருந்துறையில் உள்ளதும் சரி. எங்கள் பக்கத்து ஆட்கள் பெருந்துறையில் உள்ளதை இன்னும் சானடோரியம் என்றுதான் சொல்வார்கள், காசநோய் ஆஸ்பத்திரியாக இருந்த காலத்துப் பேர். கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் ராத்திரியும் தியேட்டர் ஓடும், மயக்கவியல் பிரிவில் டூட்டி டாக்டர் இருப்பார். படுக்கைக்குப் பக்கத்தில் கூட்டம், கழிப்பறை எல்லாம் வேறு கதை. ஆனால் மூச்சுக்கும் டைல்ஸ் தரைக்கும் சம்பந்தமில்லை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். கார்டு இருந்தும் கேட்காமல் கடன் வாங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் கடைசியில் கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம், காரணம் மாமாவை ஏற்கெனவே பார்த்துவந்த நரம்பியல் டாக்டர் அங்கே இருந்தார். அவர் அரசு ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் அங்கேயே போயிருப்போம்.

இப்போது மயக்க முறைக்கு வருகிறேன். இதில் எல்லாத் தசைநோயையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிற வழக்கம் வாட்சாப்பில் அதிகம். "தசைநோய்னா கேஸ் மயக்கம் ஆகாது, டிவா கேளுங்க" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. டிவா என்றால் ஆவியாகும் கேஸ் எதுவும் இல்லாமல், புரோபோஃபால் மாதிரி மருந்துகளை நரம்பு வழியே மட்டும் செலுத்தி மயக்கத்தில் வைத்திருப்பது. அது சிலருக்கு உயிர்காப்பு. சிலருக்கு வெறும் விருப்பத் தேர்வு. சிலருக்கு அதிலேயே ஆபத்து உண்டு.

டுஷேன் என்ற பிறவித் தசைநோய் உள்ள பையன்களுக்குக் கேள்வியே இல்லை. டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால் அவர்களுடைய தசையின் உறை கிழிந்த சாக்கு மாதிரி. ஸ்கோலினோ, செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற கேஸோ பட்டால் தசை நொறுங்கி, உள்ளே உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டி, இதயம் நின்றுவிடலாம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, குழந்தைகளுக்கு ஸ்கோலின் போடுவது குறித்துக் கடும் எச்சரிக்கை வெளியிட்டதற்குக் காரணமே இதுதான்: நோய் இருப்பதே தெரியாத பையன்கள் மேசையில் இதயம் நின்று போனார்கள். அதனால் இவர்களுக்கு டிவா, பழைய கேஸின் மிச்சம் இல்லாமல் கழுவிய மயக்க மெஷின், ரெண்டிலும் பேரம் கிடையாது. அதோடு நுரையீரல் பரிசோதனையில் எஃப்.வி.சி. என்று ஒரு எண் வரும், மூச்சை முழுக்க இழுத்து ஊதினால் வெளியே வருகிற காற்றின் அளவு. வயதுக்கு இருக்க வேண்டியதில் 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஆபத்து கூடுகிறது, 30க்குக் கீழே என்றால் மிக அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே வீட்டிலேயே பைபேப் மாட்டிப் பழக்கிவிட வேண்டும். முதல் தடவையாக அந்த முகமூடியை ஐ.சி.யு.வில் பார்த்தால் பையன் பயந்து கழற்றி எறிவான். வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவனாக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நாளில் கூடுதல் டோஸ் தேவைப்படலாம்.

இங்கே ஒரு இடைச்செருகல், சின்னப் பையன் உள்ள வீடுகளுக்காக. நடக்கத் தாமதம், கெண்டைக்கால் மட்டும் கொழுகொழுவென்று, தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறி எழுவது, இதில் எது இருந்தாலும் டான்சில், குடலிறக்கம் போன்ற "சின்ன" ஆபரேஷனுக்கு முன் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பல பையன்களுக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்த நொதிகள் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கல்லீரலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நொதிகள் தசையிலிருந்தும் வரும். கோவையிலேயே எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் டுஷேனுக்கான மரபணுப் பரிசோதனையைச் செய்கிறது; பெங்களூர் நிம்ஹான்ஸ் வரை போக வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

வேறொரு வகை, மேலுக்கு எந்த நோயும் தெரியாதவர்கள். மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்பார்கள். பெரும்பாலும் ஆர்.ஒய்.ஆர்.1 என்ற மரபணுவில் கோளாறு. தினமும் மூட்டை தூக்குகிற ஆளாகவும் இருக்கலாம். கேஸோ ஸ்கோலினோ பட்டால் தசை இறுகி, உடம்பு கொதித்து, சில நிமிடங்களில் நிலைமை கைமீறும். டான்ட்ரோலீன் ஒன்றுதான் அதற்கு நேரடி மாற்று மருந்து. அது வராத காலத்தில் பத்தில் ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். மருந்து எல்லா ஆஸ்பத்திரியிலும் அலமாரியில் இருக்காது. "இருக்கு" என்றால் எத்தனை குப்பி என்று கேட்க வேண்டும், ஏனென்றால் பழைய வகைக் குப்பியில் 20 மில்லிகிராம்தான் இருக்கும், முதல் டோஸே கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு முதல் தவணைக்கே ஏழெட்டுக் குப்பி.

இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்த கதை எனக்குப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கால் முறிந்து வந்த 21 வயது இளைஞன், காலை விட மயக்கத்துக்கு அதிகம் பயந்தான். ஈதர் மயக்கத்தில் அவனுடைய சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இறந்திருந்தார்கள். டென்பரோ என்ற டாக்டர் அதைப் பயந்தாங்கொள்ளிப் பேச்சாக ஒதுக்காமல் குடும்ப மரமே வரைந்தார். 1960ல் கட்டுரை வந்தது. புதிதாக வந்திருந்த ஹாலோத்தேன் என்ற மயக்க கேஸ் கொடுத்துப் பார்த்ததில் அந்த இளைஞன் சாவின் விளிம்புக்குப் போய்த் தப்பினான். அடுத்த ஆபரேஷனை முதுகு ஊசியில் செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆக, இவர்களுக்கு முதுகு ஊசி நல்ல வழி, மாமாவுக்குச் சொன்ன மூச்சுத் தசை, பிடிப்பு என்ற மறுப்புகள் இவர்களுக்குப் பொருந்தாது. ஒரே "தசைநோய்" என்ற பேருக்குள் விடை எப்படித் தலைகீழாகிறது பாருங்கள். நம் வீட்டிலும் கூட்டம் பங்காளி என்று ஏழு தலைமுறைக் கணக்குச் சொல்கிற கிழவிகள் இருக்கிறார்கள். "மயக்கம் குடுத்து மேசையிலயே போனவங்க யாராச்சும் உண்டா ஆத்தா?" என்று ஒரு தடவை கேட்டு வையுங்கள்.

டிவாவே ஒத்துவராதவர்கள் என்றால், செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு உள்ளவர்கள். அவர்களுக்குப் புரோபோஃபாலை நெடுநேரம் ஓட்டுவது நல்லதில்லை. வெறும் வயிற்றில் காத்திருக்க வைப்பதும் ஆகாது, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்டுவட நரம்பணுக்கள் அழிந்து தசை மெலிகிற எஸ்.எம்.ஏ. நோய் உள்ள குழந்தைகளுக்கு ஸ்கோலின் ஆகாது. மற்றபடி மூச்சுக் கணக்கு டுஷேன் மாதிரிதான்.

தசையில் குறையே இல்லாமல் ஸ்கோலினால் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அந்த மருந்தைச் சிதைக்கிற நொதி பிறவியிலேயே இல்லாதவர்கள். அஞ்சு நிமிடத்தில் போக வேண்டிய தளர்ச்சி மணிக்கணக்கில் நிற்கும், அதுவரை வெண்டிலேட்டர்தான். ஆரிய வைசிய சமூகத்தில் இது மற்றவர்களை விடக் கூடுதலாக இருப்பதையும், அதற்கான மரபணு மாற்றத்தையும் 2006ல் வெளியிட்டவர்களில் நம் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இருந்தார்கள். இவர்களுக்கு வைத்தியம் சுலபம்: ஸ்கோலினையும், அதே நொதியால் சிதைகிற மிவாகுரியம் போன்ற சில மருந்துகளையும் தவிர்த்தால் போதும். தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமாவிடம் திரும்புகிறேன். அவருடைய வகைக்கும் உடம்பு கொதிக்கிற அந்த மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவுக்கும் சம்பந்தம் இல்லை, அதனால் கேஸ் கொடுத்தால் கொதிக்கும் என்ற பயம் இல்லை. இருந்தும் கோவை மயக்க மருந்து டாக்டர் டிவாவையே தேர்ந்தெடுத்தார். கேஸ் மயக்கம் தெளியும்போது நடுக்கம் வரும், நடுக்கம் வந்தால் பிடிப்பு வரும், இதயத்தையும் கேஸ் சற்றே அமுக்கும் என்றார். புரோபோஃபாலைச் சொட்டுச் சொட்டாக, வழக்கத்தை விடக் குறைவாக. தளர்த்த ரோகுரோனியம், முடிவில் அதைத் திருப்ப சுகமாடெக்ஸ். வழக்கமாகத் திருப்புவதற்குப் போடுகிற நியோஸ்டிக்மின் மலிவு; ஆனால் இந்த நோயில் அதுவே பிடிப்பைத் தூண்டலாம். பில்லில் சுகமாடெக்ஸ் வரி பெரிதாக இருந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை. வலிக்கு மார்ஃபின் வகை ஊசிகளைக் கூடியவரை ஒதுக்கிவிட்டு, லேப்ரோஸ்கோபி ஓட்டைகளில் மரப்பு மருந்தும், வயிற்றுச் சுவரில் நரம்பை மரக்க வைக்கிற ஒரு பிளாக்கும், பாரசிட்டமாலும். அத்தை "பாரசிட்டமாலா!" என்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதயம் பற்றி ஒரு வரி. இந்த நோய் இதயத்தின் மின்கம்பியையும் அரிக்கும். ஈ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி என்ற அளவு 200 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும், மாமாவுக்கு 220. அது 240ஐத் தாண்டினால் விஷயமே வேறு என்று கார்டியாலஜிஸ்ட் சொல்லி, பேஸிங் பட்டைகளை மேசை ஓரத்தில் வைக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு நர்ஸ் சின்ன பிளாஸ்டிக் மூடியில் ஒரு மாத்திரை கொண்டுவந்தார். நல்லாத் தூங்கறதுக்குத்தான், எல்லாருக்கும் குடுக்கறதுதான் என்றார். அல்பிரசோலம். எல்லோருக்கும் அச்சடித்து வைத்திருக்கிற வழக்கமான சீட்டில் அது இருந்திருக்கிறது. எவ்வளவு பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டும், சிக்கல் ஒரு மூடியில் உருண்டு வருகிறது பாருங்கள். "இவருக்கு இது ஆகாதுங்க சிஸ்டர், மயக்க டாக்டர ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றேன். கேட்டார். திருப்பி எடுத்துப் போனார். நான் சண்டை போடவில்லை, அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

தியேட்டர் ஏசியைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். சூடான காற்று ஊதுகிற போர்வை, சூடேற்றிய சலைன். ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்தது. மாமா கண் விழித்து, "முடிஞ்சுதா மாப்ள?" என்றார். எங்கள் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் ஈரோட்டிலேயே செய்திருக்கலாமே என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது.

ராத்திரி ரெண்டரைக்கு ஐ.சி.யு.விலிருந்து கூப்பிட்டார்கள். மானிட்டரில் ஆக்சிஜன் 89. மாமா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. சாதாரணமாக எல்லோரும் செய்வது ஆக்சிஜனைக் கூட்டி வைப்பது. கூட்டினால் எண் ஏறிவிடும், 98 கூட வரும். ஆனால் மூச்சு ஆழமாக இல்லாததால் உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும், ஆள் இன்னும் அசந்து தூங்குவார். டூட்டியில் இருந்த மயக்க மருந்து டாக்டர் ரத்தத்தில் வாயு அளவு பார்த்தார், ஏறித்தான் இருந்தது. தலையை உயர்த்திப் படுக்க வைத்து, பைபேப் மாட்டினார்கள். விடியும்போது கரியமில வாயுவின் எண்கள் இறங்கிவிட்டன. மொத்தமும் இருபது நிமிட வேலை. இருபது நிமிட வேலைதான், ஆனால் அதைச் செய்ய அந்த நேரத்தில் ஒரு ஆள் வேண்டும், ஒரு மெஷின் வேண்டும். கோபி டாக்டர் கையை விரித்துச் சொன்னது அதைத்தான். ஊருக்கு வந்ததும் அவருக்கு ஒரு தார் நேந்திரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வார்டு, ஐந்தாம் நாள் வீடு. சத்தி ரோட்டில் ரெண்டு மணி நேரப் பயணம், ஒவ்வொரு வேகத்தடைக்கும் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டார், மாமாவின் வயிற்றை.

வந்ததும் செய்த முதல் வேலை ஒரு அட்டை. தபால் கார்டு அளவு. ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் ஆங்கிலம்: நோயின் பேர், ஸ்கோலின் கூடாது, நியோஸ்டிக்மின் தவிர்க்கவும், தூக்க மருந்தும் மார்ஃபின் வகையும் மிகக் குறைவாக, குளிர் ஆகாது, ஈ.சி.ஜி. பார்க்கவும், பிறகு ஐ.சி.யு. வேண்டும். கீழே கோவை டாக்டரின் நம்பர். டாக்டரே பார்த்துத் திருத்திக் கொடுத்தார். நாளைக்கு வண்டியிலிருந்து விழுந்து நினைவில்லாமல் 108ல் போனால் மாமாவுக்காகப் பேசப்போவது அந்த அட்டைதான். நாலு பிரதி லேமினேட் செய்து ஆதார் உறையில் ஒன்று, வண்டிப் பெட்டியில் ஒன்று, அத்தை பையில் ஒன்று, என் கடை மேசையில் ஒன்று.

இந்த நோய் தலைமுறைக்குத் தலைமுறை முன்கூட்டியே, கடுமையாகவே வரும். மரபணுவில் மூன்று எழுத்துள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப வந்து, பிள்ளைகளுக்குப் போகும்போது நீள்கிறது. 1992ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அப்புச்சிக்கு, அதாவது மாமாவின் அப்பாவுக்கு, 48 வயதில் கண்புரை, முன் நெற்றி வழுக்கை, அவ்வளவுதான். கண் முகாமில் சொட்டு மருந்து மரப்பிலேயே புரையை எடுத்து, சைக்கிளில் வீட்டுக்கு வந்தவர். மாமாவுக்குக் கை, இதயம், மூச்சு. மாமா பெண்ணுக்கு 22 வயது. பரிசோதனை செய்துகொள்கிறாயா என்று கேட்டால், "பாத்துக்கலாங்க" என்பாள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அட்டையை லேமினேட் செய்துகொண்டு வந்த அன்று சாயங்காலம், அவள் அதை வாங்கி ரெண்டு பக்கமும் படித்தாள். தன் போனில் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.